காத்தாடி மீட்டரில் ஏறின யூனிட் பில்லில் குறைவது ஏன்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் ஓடும் ஒரு காத்தாடியின் (காற்றாலையின்) மீட்டரில் மாதக் கடைசியில் ஒரு லட்சம் யூனிட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரம் கோயம்புத்தூரில் உள்ள சொந்த நூற்பாலைக்கு. ஆலையின் பில்லில் வரவாகும் யூனிட் ஒரு லட்சத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மீட்டரில் கோளாறு இல்லை. இடையில் போனது லைன் லாஸ்.

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். அந்தச் சூடுதான் இழப்பு. வோல்ட்டேஜைக் கூட்டி ஆம்பியரைக் குறைத்தால் இழப்பு குறையும், அடியோடு நிற்காது.

சரி, அதை யார் தலையில் வைப்பது? 2003 மின்சாரச் சட்டம் பிறர் லைனில் மின்சாரம் அனுப்ப வழி திறந்துவிட்ட பிறகு, ஒரே கம்பியில் பல பேருடைய மின்சாரம் ஓடுகிறது. ஆம்பியர் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு ஆகும் என்பதுதான் இங்கே சிக்கல். முப்பந்தலில் ஒரு காத்தாடி 10 ஆம்பியர் அனுப்பும்போது இழப்பு 1 யூனிட் என்போம். பக்கத்துக் காத்தாடியும் அதே கம்பியில் 10 ஆம்பியர் சேர்த்தால் இழப்பு 4 யூனிட். தனித்தனியே ஓடியிருந்தால் இருவருக்கும் சேர்த்து 2தான். கூடுதலாக வந்த 2 யாருடையது? பிறகு வந்தவர் தலையில் வைத்தால் அவருக்கு 3, முன்னவருக்கு 1. வரிசையை மாற்றினால் பங்கும் மாறிவிடும். ஆளுக்கு 2 என்று பிரித்தால்தான் இருவரும் ஒத்துக்கொள்வார்கள். இது இரண்டே பேர் கணக்கு. மாநிலம் முழுக்கப் பின்னிக் கிடக்கும் லைன்களில் எந்த யூனிட் யாருடையது என்று பிரிக்கவே முடியாது. ஆரல்வாய்மொழியில் ஏறின மின்சாரம் பக்கத்து நாகர்கோவில் கடைகளிலேயே எரிந்து தீரலாம். அப்போது கோயம்புத்தூருக்குப் போவது கணக்கு மட்டும்தான்.

அதனால்தான் விதி சராசரியைப் பிடித்துக்கொள்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்சாரத்துக்கு 2011 ஜூலையில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த முறையில், இணைப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்து இழப்பு மாறியது. 2020 நவம்பர் முதல் நாடு முழுவதற்கும் ஒரே சராசரி. திங்கள் முதல் ஞாயிறு வரை வாரக் கணக்கு. இழப்பைக் கழிப்பது மின்சாரம் எடுப்பவரின் அளவில்தான். 100 யூனிட்டுக்கு அந்த வார இழப்பு 3.5 சதவீதம் என்றால், எடுப்பவருக்கு 96.5 யூனிட்.

மாநிலத்துக்குள் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சதவீதத்தை நிர்ணயிக்கிறது. ஏற்றும் இடத்திலும் எடுக்கும் இடத்திலும் உள்ள வோல்ட்டேஜைப் பொறுத்து அது மாறும். கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை.

நம் மாவட்டத்துக்கு இது நல்லது என்றே நான் நினைக்கிறேன். நியூசிலாந்தில் 1996 முதல் இணைப்பு இருக்கும் இடத்துக்கு இடம் மின்சார விலை மாறுகிறது, இழப்பும் அந்த விலைக்குள்ளேயே வந்துவிடும். அப்படி இங்கே வந்தால், தென்மேற்குக் காற்று மாதங்களில் மிச்ச மின்சாரத்தை வடக்கே தள்ளும் கடைக்கோடிக் காத்தாடிக்குத்தான் அடி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை வேறு ஊருக்கு நகர்த்த முடியாதே! அதேசமயம், குளச்சலில் ஒரு ஐஸ் கம்பெனி இதே காத்தாடியிலிருந்து எடுத்தாலும், வோல்ட்டேஜ் ஒன்றாக இருந்தால், கோயம்புத்தூர் ஆலைக்குக் கழிக்கிற அதே சதவீதம்தான். அருகிலேயே எடுப்பவருக்குக் கொஞ்சம் குறைத்துத் தர வேண்டும்.

உங்களுக்குக் காத்தாடியில் பங்கு இருந்தால், மாதக் கணக்குத் தாளில் இரண்டு முனையின் வோல்ட்டேஜும் சரியாகப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், கழித்த சதவீதம் இப்போது நடப்பில் உள்ள ஆணைப்படிதானா என்று ஒப்பிடுங்கள். லைன் லாஸ் யூனிட்டாகக் கழியும். லைன் வாடகை ரூபாயில் தனியாக வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.