காப்பிரைட்: காப்புரிமையா, பதிப்புரிமையா?

கோலாலம்பூரில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போய்ப் புத்தகத்தின் உள்பக்கத்தைப் புரட்டினால், சிலவற்றில் ‘காப்புரிமை: ஆசிரியர்’ என்றிருக்கும், சிலவற்றில் ‘பதிப்புரிமை: ஆசிரியர்’ என்றிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. காப்புரிமை என்பது பேட்டண்ட். இயந்திரம், மருந்து போன்ற கண்டுபிடிப்புகளுக்கு விண்ணப்பம் போட்டு வாங்குவது. காப்பிரைட்டுக்கு நிலைத்துவிட்ட சொல் பதிப்புரிமை. ‘காப்பி’யும் ‘காப்பு’ம் காதுக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் ஊகம்.

குழப்பத்தால் விளையும் கெடுதி சின்னதல்ல. பேட்டண்டைப் பதிவு செய்தால்தான் உரிமை. பதிப்புரிமைக்குப் பதிவே வேண்டாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவிதையை எழுதி முடித்ததுமே அது எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் இறந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. “ரிஜிஸ்டர் பண்ணலையே, அப்புறம் என்ன?” என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்பவர், பேட்டண்டின் விதியைக் கவிதைக்குப் போடுகிறார்.

‘காப்பி’யின் மூலம் லத்தீனின் ‘கோப்பியா’. மிகுதி, வளம் என்று பொருள்; இடைக்காலத்தில்தான் அது எழுத்துப்படியைக் குறிக்கத் தொடங்கியது. அந்நாளில் லண்டன் அச்சுக்காரர்களின் சங்கத்தில் ஒரு நூலைத் தன் பெயரில் பதிந்துகொண்டவருக்கே அதை அச்சிடும் உரிமை. எழுதியவர் கணக்கிலேயே இல்லை. 1710இல் ஆன் அரசி காலத்துச் சட்டம்தான் உரிமையை முதலில் ஆசிரியருக்குத் தந்தது. அதுவும் 14 ஆண்டுகளுக்கு, உயிரோடிருந்தால் இன்னொரு 14.

நம் ‘பதிப்புரிமை’யிலும் அந்த அச்சுக்கூட வாடை உண்டு. அச்சைப் பதிப்பதிலிருந்து வந்தது பதிப்பு. அதனால் இதைப் பதிப்பகத்தாரின் உரிமை என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். “பதிப்பகத்துக்குத்தானே நட்டம், அவர்கள் பணக்காரர்கள்” என்ற சமாதானம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலருக்குப் பதிப்பகமே கிடையாது. சொந்தக் காசில் அச்சடித்து, வெளியீட்டன்று விற்றது போக மீதியைப் பெட்டி பெட்டியாக வீட்டு வரவேற்பறையில் அடுக்கி வைத்திருப்பார். அந்தப் புத்தகத்தை ஒருவர் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி, ‘தமிழ் வளரட்டும்’ என்ற வாசகத்தோடு அனுப்புவார். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழும். பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மலாய்க்காரர்கள் சொல்லும் ‘ஹக் சிப்தா’ எனக்குப் பிடித்த சொல். ‘ஹக்’ அரபியிலிருந்து வந்தது, உரிமை. ‘சிப்தா’வுக்கு மூலம் வடமொழிச் ‘சித்த’. நம் சித்தமும் அதுவே. மலாயில் அது ‘படைத்தல்’ ஆகிவிட்டது. அச்சகமும் இல்லை, படியும் இல்லை. படைத்தவர் மட்டுமே நிற்கிறார். தமிழில் இதற்கு நேரான சொல் படைப்புரிமை. பாட்டு, படம், மென்பொருள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அடுத்து ‘பகிர்வு’. பகு என்பதிலிருந்து வந்த சொல். பகிர்ந்தால் கொடுத்தவரிடம் குறைய வேண்டும். கோப்பில் எதுவும் குறைவதில்லை, படி கூடுகிறது. அதைப் ‘படியெடுத்தல்’ என்பதே சரி. பலரின் கணினிகள் ஒரு கோப்பைத் துண்டு துண்டாகத் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் டோரண்டில் இது இன்னும் தெளிவு: இறக்கிக்கொண்டிருக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகளை உங்கள் கணினி மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். “நான் பார்க்க மட்டும்தான் எடுத்தேன்” என்பது அங்கே செல்லாது. திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்யும் பெட்டிகளையும் செயலிகளையும் விற்பவர்களுக்கு, 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது.

எல்லாப் படியெடுப்பும் தவறு என்றும் இல்லை. பாரதியார் மறைந்தது 1921இல். அவர் பாடல்களை யாரும் தாராளமாக அனுப்பலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. உயிரோடிருக்கும் ஆசிரியரே இசைந்தால் அது ‘உரிமம்’, அதாவது லைசென்ஸ். உரிமை அவரிடமே இருக்கும், அனுமதி உங்களுக்கு வரும். புலனத்தில் ஒரு வரி கேட்டால் பலர் தந்துவிடுவார்கள்.