தோட்டத்து நாற்பது படங்களையும் போஸ்டரில் போடுங்கள்

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கும் ஒரு பெண், கருத்தரங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது தன் ஆராய்ச்சியை ஒரே தாளில் சொல்லும் முதல் போஸ்டரின் வரைவை என் மேசையில் விரித்தாள். தக்காளி இலையைப் போனில் படமெடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் மாடல், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல். நடுவில் கொட்டை எழுத்தில், 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று. அவளுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம், வீட்டிலேயே தக்காளி போடுகிறார்கள். உங்கள் தோட்டத்து இலையை எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பார்த்தேன் சார். நாற்பது படம் எடுத்தேன், பதினேழுதான் சரியா வந்துச்சு. அதைப் போடலாமா வேண்டாமான்னு தெரியல" என்றாள்.

போடு என்றேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கருத்தரங்குகளுக்குப் போய்வருகிறவன் நான், சில இடங்களில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் போஸ்டரில் மறைப்பது பெரும்பாலும் இந்தப் பதினேழு போன்ற ஒன்றைத்தான்.

அவள் எடுத்துக்கொண்டது பிளான்ட்வில்லேஜ் படத்தொகுப்பு: 54,000-க்கும் மேல் இலைப் படங்கள், 14 பயிர்கள், பயிர், நோய் வாரியாக 38 வகைகள். நம் கல்லூரிகளில் இதை வைத்துப் புராஜெக்ட் செய்யாத கணினித் துறையே இருக்காது. இதைக் கொண்டு 2016-ல் வந்த முக்கியமான கட்டுரை 99.35 சதவீதம் கிடைத்ததாகச் சொன்னது, ஆனால் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதம் அளவுக்கு இறங்கியதையும் அதே கட்டுரையில் எழுதி வைத்தது. தொகுப்பில் இருப்பவை பறித்த ஒற்றை இலையை ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். 2022-ல் ஓர் ஆய்வாளர் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சலை மட்டும் எடுத்து மாடலைப் பழக்கிப் பார்த்தார், இலை கண்ணிலேயே படவில்லை, அதற்கே 49 சதவீதம் வந்துவிட்டது! கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 38-ல் ஒன்று, மூன்று சதவீதம்கூட வராது. அப்படியானால் 98-ல் எவ்வளவு இலையைப் பார்த்து வந்தது, எவ்வளவு பின்னணியைப் பார்த்து வந்தது? அந்த 98-ஐ யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் வெயிலில் நின்று எடுத்த நாற்பது படங்களும் அதில் வந்த பதினேழும்தான் அந்தப் போஸ்டரில் அவளுக்கே சொந்தமானவை. நாற்பது ரொம்பக் குறைவு என்பது உண்மை, அதையும் பக்கத்திலேயே எழுதிவிடு என்றேன்.

போஸ்டர் அமர்வு மேடைப் பேச்சு மாதிரி இல்லை. தேநீர் டம்ளரோடு நடந்துகொண்டே ஐந்தாறு அடி தள்ளி நின்று தலைப்பைப் பார்ப்பார்கள், பிடித்தால் நிற்பார்கள், இல்லையென்றால் அடுத்த பலகைக்குப் போய்விடுவார்கள். நின்றவரிடம் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒப்பிக்க ஆரம்பிக்கிறார்கள், நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டுத் திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் வேலையை அந்தப் பிள்ளை நன்றாகத்தான் செய்திருக்கும். முதலில் விடுதியில் வேறு துறை படிக்கும் தோழியிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள்: என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், என்ன தெரியவந்தது. ஒரு நிமிடம் போதும். வந்தவர் தமிழ் பேசுகிறவர் என்றால் தமிழிலேயே பேசுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் பேசி முடித்ததும் நிறுத்திவிடுங்கள், அவர் கேட்கட்டும்.

கேட்கப்படும் கேள்விகளும் பெரும்பாலும் தெரிந்தவைதான். எதோடு ஒப்பிட்டாய்? நூறு இலையில் தொண்ணூற்றைந்து ஆரோக்கியமானது என்றால், "எல்லாமே நல்ல இலை" என்று சொல்லும் மாடலுக்கும் 95 சதவீதம் கிடைக்கும், அதைத் தாண்டி உன் மாடல் என்ன செய்தது? குழுவில் உன் பங்கு எது? தெரியாததைக் கேட்டால் "அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். நடுவராக உட்கார்ந்து சொல்கிறேன், அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு மரியாதைதான் கூடும். கணினித் துறையினரின் சர்வதேச அமைப்பான ஏ.சி.எம். நடத்தும் மாணவர் ஆராய்ச்சிப் போட்டியில் முதல் சுற்றே போஸ்டர்தான், அதில் தேறினால்தான் மேடை. இளநிலை மாணவர்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு, நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

அச்சடிக்கும் விஷயம் ஒன்றிரண்டு. பலகை நெட்டுவாக்கா படுக்கைவாக்கா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போஸ்டர் அச்சடிக்கும் ஏ0 தாள் 84.1க்கு 118.9 சென்டிமீட்டர், மாற்றி அச்சடித்துவிட்டால் பலகைக்கு வெளியே தொங்கும். கடைக்குப் போகும் முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள், எல்லாம் கால் அளவுக்குச் சுருங்கும், அதில் உங்களால் படிக்க முடியாத எழுத்து ஏ0-விலும் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள், பெரிதாக்கினால் மங்கிவிடும்.

அவள் தலைப்பையே மாற்றிவிட்டாள். தொகுப்பில் 98, தோட்டத்தில் 42.5 என்று இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில், கீழே அவள் எடுத்த ஆறு படங்கள். பரிசு வரவில்லை. ஆனால் பயிர் நோய் படித்த பெரியவர் ஒருவர் அந்த ஆறு படங்களுக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றார். எத்தனை மணிக்கு எடுத்தாயம்மா என்று கேட்டார். மதியம் பன்னிரண்டு என்றாள். அந்த வெயிலில் நல்ல இலையே சுருண்டுதான் நிற்கும், காலையில் எடுத்துப் பார் என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு வாட்சப்பில் ஒரு படம் வந்தது, பனி காயாத தக்காளி இலை, கீழே "ஒண்ணு சார்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.