‘சின்னத் துளைதானே, எடுத்துவிடுங்கள் டாக்டர்!’

கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம் என்று ஒரு பெண்ணுக்குப் புரியவைக்க, அதை எடுத்து முடிப்பதைவிட அதிக நேரம் ஆகிறது. மும்பையில் மகளிர் நோய் அறுவை மருத்துவராக இருக்கிறேன். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைதான் என் தொழில். தாராவி, செம்பூர் பக்கமிருந்து வரும் நம் பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள். “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு டாக்டரம்மா? சின்னத் துளைதானே!”

போன மாதம் பெரும்போக்கோடு, அதாவது மாதவிலக்கில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கோடு, வந்தவருக்கு வயது 38. கூடவே மாமியார். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டிய ஸ்கேன் அறிக்கையில் ‘3 செ.மீ. ஃபைப்ராய்டு’ என்ற இடத்தை யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். அந்தக் கட்டி கர்ப்பப்பையின் வெளிப்புறத்தில் இருந்தது. அங்கே அந்த அளவில் இருக்கும் கட்டி பெரும்போக்குக்குக் காரணமாவது அரிது. இரண்டு வரி கீழே, கர்ப்பப்பையின் உட்சவ்வில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அதை யாரும் வட்டமிடவில்லை. யோனி வழியாகவே கேமராவை அனுப்பிப் பாலிப்பை எடுத்தோம். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. மாலையே வீட்டுக்குப் போய்விட்டார். “அவ்வளவுதானா?” என்று மாமியார் கேட்ட குரலில் சற்று ஏமாற்றம் இருந்தது.

துளைதான் சின்னது. தொப்புளில் 10 மி.மீ., பக்கங்களில் 5 மி.மீ. உள்ளே நடப்பது, வயிற்றைத் திறந்து செய்தால் என்ன நடக்குமோ அதேதான். அதே இரத்தக்குழாய்களை அடைக்கிறோம், அதே தசைநார்களை வெட்டுகிறோம், யோனியின் மேல்முனையை அதேபோல் தைத்து மூடுகிறோம். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், கர்ப்பப்பைக்குப் போகும் தமனிக்கு அடியில், கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. தள்ளி ஓடுகிறது. அந்த இடம் வந்தால் எங்கள் தியேட்டரில் யாரும் அரட்டை அடிப்பதில்லை. முன்பு சிசேரியன் ஆனவர் என்றால், தழும்போடு ஒட்டிக்கிடக்கும் சிறுநீர்ப்பையைப் பிரித்தெடுப்பது தனிப் பாடு. முழு மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்பவைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கிடத்திச் செய்கிற வேலை இது. எந்த நிமிடமும் வயிற்றைத் திறக்க நேரலாம். அதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறோம். தயவுசெய்து படித்துவிட்டுப் போடுங்கள்.

லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். உண்மைதான். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. வெளித்தோல் ஆறிவிட்டது என்று ஒரு பெண் பத்தாம் நாளே, விடியற்காலையில் தண்ணீர் வந்ததும் இரண்டு குடங்களைத் தூக்கினார். அன்று மதியமே இரத்தப்போக்கோடு வந்து சேர்ந்தார். உள்தையல் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை குடம், சிலிண்டர், நெரிசல் நேர லோக்கல் ரயில், தாம்பத்தியம் எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னது கணவர்களின் காதிலும் விழட்டும்.

குற்றம் முழுவதையும் உங்கள் தலையில் கட்டவில்லை. “கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, புற்றாகிவிடும்” என்று பயமுறுத்தி அனுப்புகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். அந்த வாய் சிவந்து தெரிவது பல பெண்களுக்கு இயல்பு. அது புண்ணே அல்ல. சந்தேகம் இருந்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றின் அறிகுறியைத் தேடும் பாப் அல்லது ஹெச்.பி.வி. பரிசோதனை செய்ய வேண்டும், கத்தியை எடுக்கக்கூடாது. இதே மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்த கொடுமை 2019இல் பெரிய செய்தியானது. தேவையற்ற அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களைச் செயல்படுத்துமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் சிவப்பு மை வட்டங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பெரும்போக்குக்கு மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். கட்டியை மட்டும் எடுக்கவும் முடியும். இவை எதற்கும் அடங்காதபோதும், புற்றுநோய் என்று உறுதியானபோதும் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும். அப்போது நானே எடுத்துவிடலாம் என்பேன். பல சமயம் யோனி வழியாகவே, வயிற்றில் துளையே போடாமல் எடுத்துவிடலாம். ஆனால் “கேமரா ஆபரேஷன்தான் வேண்டும்” என்று அடம் பிடிப்பவர்களும் உண்டு.

“அதோடு சேர்த்து” என்று சினைப்பைகளையும் எடுத்துவிடச் சொல்லாதீர்கள், அம்மா. நாற்பது வயதில் அவற்றை இழந்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற நிலைதான். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

மாறாக, உடனே ஓடிவர வேண்டிய விஷயத்துக்கு யாரும் வருவதில்லை. மாதவிலக்கு நின்று ஓராண்டான பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். “சூடு” என்று மோர் குடித்துக்கொண்டு ஆறு மாதம் தள்ளாதீர்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் இரத்தப்போக்கு மாறினால், உட்சவ்வின் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வருவதற்கு முன் கர்ப்பப்பையை எடுக்க நாள் குறிக்கும் மருத்துவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதென்றால் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். சினைப்பைகள் இருக்கின்றனவா, கர்ப்பப்பை வாய் இருக்கிறதா என்று பாருங்கள். வாய் இருந்தால் பாப் பரிசோதனையும் தொடர வேண்டும். எடுத்த கர்ப்பப்பையின் பயாப்சி அறிக்கையை இன்னும் வாங்கவில்லையா? நாளைக்கே போய் வாங்குங்கள்.