கத்தரி விதை எடுத்து வைத்தால் கம்பெனி கேஸ் போடுமா?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கம் கத்தரி போடுகிற வீடுகளில் விதை எடுப்பது தனி வேலை. நல்ல செடியாகப் பார்த்து நாலைந்து காயைப் பறிக்காமல் விட்டுவைப்பார்கள். அது மஞ்சளாகப் பழுத்ததும் அறுத்துத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் சதை மிதக்கும், முற்றிய விதை அடியில் தங்கும். அலசி, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்தால் அடுத்த பட்டத்துக்கு நாற்று விடலாம். இப்போது இந்த வேலையோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது: "பாக்கெட் விதையில வந்த காய்ல விதை எடுத்தா கம்பெனிக்காரன் கேஸ் போட்டுடுவான்."

பயப்பட வேண்டியதில்லை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. புது ரகம் உருவாக்கிய நிறுவனம் அதைப் பதிவு செய்தால் காய்கறிப் பயிருக்கு 15 ஆண்டு வரை உரிமை கிடைக்கும். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு உழவர் பக்கம் நிற்கிறது. பதிவான ரகமாகவே இருந்தாலும், தன் நிலத்தில் விளைந்ததிலிருந்து விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்துக் கொல்லைக்காரரோடு மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஒன்று மட்டும் கூடாது: பதிவான ரகத்தின் பெயரை லேபிளில் போட்டு, பாக்கெட்டில் அடைத்து விற்பது. துணிப்பையில் அளந்து கொடுப்பதற்குத் தடை இல்லை.

வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகத்தில் விதை எடுப்பதையும் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி காய் மாறும். அது விதையின் இயல்பு. ஒட்டு ரகத்தில் விதை எடுக்காதீர்கள் என்று விதைக்கடையில் எச்சரிப்பதில் இந்த ஒரு பகுதி உண்மை.

அப்படியானால் வழக்கே வராதா? வந்திருக்கிறது. 2019இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது, தான் பதிவு செய்த எஃப்.எல். 2027 ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சொல்லி, சிப்ஸ் தயாரிக்கும் பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. சிலரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்ப, மே மாதம் வழக்குகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. விவசாயிகள் முன்வைத்த கேடயம் இந்த 39ஆம் பிரிவுதான். ரகத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பதே தெரியாமல் பயிரிட்ட உழவர் மீது உரிமை மீறல் குற்றம் நிற்காது என்று 42ஆம் பிரிவும் சொல்கிறது.

இந்தச் சட்டத்தில் நான் பெரிதாக மதிக்கிற இடம் 29ஆம் பிரிவு. பொது ஒழுங்கு, பொது ஒழுக்கம், மனிதர் கால்நடை பயிர்களின் உயிர், சுற்றுச்சூழல் ஆகியவற்றைக் காக்க வேண்டுமானால் ஒரு ரகத்துக்குப் பதிவை மறுக்கலாம். மறுவிதைப்புக்கு முளைக்காதபடி விதைக்குள்ளேயே மலட்டுத்தன்மையைப் புகுத்தும் தொழில்நுட்பம் உள்ள ரகத்தைப் பதிவே செய்ய முடியாது. காப்புரிமைச் சட்டம் 1970இன் 3ஆம் பிரிவும் ஒழுக்கத்துக்கு மாறான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. விதைக்கும் தாவர ரகத்துக்கும் காப்புரிமை கிடையாது என்று தனியாகவும் சொல்கிறது. ஒருவர் மூளை உழைப்புக்குக் கூலி தருவது நியாயம். அந்தக் கூலிக்காக இன்னொருவர் வீட்டு விதைக் கலயம் காலியாகக் கூடாது. அரசு இங்கே சரியான இடத்தில் கோடு கிழித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் வேலூர் முள்ளுக் கத்தரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள் குத்தும் அந்தக் கத்தரிதான். குறியீடு காப்பது பெயரை. விதையை யாரும் பூட்டி வைக்க முடியாது. வெளியூர்க்காரர் அதைப் பயிரிடலாம், ஆனால் வேலூர் முள்ளுக் கத்தரி என்று சொல்லி விற்க முடியாது. அந்தப் பெயரில் விற்கும் உரிமை வேண்டுமென்றால் இங்கே பயிரிடுகிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் தலைமுறையாகக் காத்துவரும் நாட்டு ரகம் வேறு ஏதாவது இருந்தால், அதை உழவர் ரகமாக உங்கள் பெயரிலேயே பதியலாம். உழவருக்குக் கட்டணம் கிடையாது. அப்படிப் பதிந்த ரகத்திலிருந்து சிறு மாற்றத்தோடு ஒரு நிறுவனம் புது ரகம் எடுத்தால் உங்கள் சம்மதம் கேட்டாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய விதை ஏமாற்றினால்? பதிவான ரகம், நிறுவனம் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் டெல்லியில் உள்ள பயிர் ரக ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். எந்த விதையானாலும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2012இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இரண்டுக்கும் பில்லும், லாட் எண் தெரிகிற பாக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். விதைத்த கையோடு பாக்கெட்டை வரப்பில் வீசிவிடாதீர்கள்.