நான்-லீக்: ‘லீக் அல்லாத’ என்று எழுதலாமா?

இங்கிலாந்துக் கால்பந்தில் ‘நான்-லீக்’ என்றொரு சொல் உண்டு. இதை ‘லீக் அல்லாத அணி’ என்று தமிழாக்கினால், எந்த லீகிலும் ஆடாத அணி என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆனால் அந்த அணிகள் பருவம் முழுக்க ஏதோ ஒரு லீகில் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

குழப்பத்தின் வேர் 1888இல் இருக்கிறது. ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மெக்ரெகர் எடுத்த முயற்சியில், 12 அணிகள் சேர்ந்து ‘புட்பால் லீக்’ தொடங்கின. உலகின் முதல் கால்பந்து லீக் அதுதான். அதனால் ‘லீக்’ என்றாலே அது ஒன்றைத்தான் குறித்தது. அதன் பிறகு எத்தனை லீக்குகள் வந்தாலும், அதற்கு வெளியே இருந்தவை எல்லாம் நான்-லீக் ஆகிவிட்டன.

லீக் என்ற சொல்லின் மூலம் ‘கட்டு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. அதிலிருந்து வந்த ‘கூட்டமைப்பு’ என்ற பொருள், முஸ்லிம் லீக் என்ற பெயரில் நமக்கும் பழக்கம்தான். ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் லீக் என்றால் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் முறை. அதனால் ‘லீக் அல்லாத போட்டி’ என்று படித்ததும் நாக் அவுட்தான் நினைவுக்கு வரும். தப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது.

சரி, வெளியே இருந்தவர்கள் யார்? அந்த 12 அணிகளும் லங்காஷயர், மிட்லண்ட்ஸ் பகுதிகளைச் சேர்ந்தவை. தெற்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டே வடகிழக்கில் நார்தர்ன் லீக் பிறந்தது. 1894இல் சதர்ன் லீக் வந்தது. அதில் ஆடிய டோட்டன்ஹாம், லீக் அணிகளும் வெளி அணிகளும் சேர்ந்து மோதும் நாக் அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையே 1901இல் வென்றது. 1888க்குப் பிறகு வேறு எந்த நான்-லீக் அணியாலும் அது முடியவில்லை. 1920இல் சதர்ன் லீகின் மேல் பிரிவை ஏறக்குறைய முழுசாக எடுத்துப் புட்பால் லீக் தன் மூன்றாம் பிரிவாக வைத்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 1905இல் லண்டன் பக்கம் உருவான இஸ்த்மியன் லீக். பழங்கிரேக்கத்தின் இஸ்த்மியப் பந்தயங்களிலிருந்து எடுத்த பெயர். சம்பளம் வாங்காதவர்களின் லீக் அது. ‘மானமே போதும்’ என்பது அதன் கொள்கை வாசகம். அதற்கேற்பத் தொடக்க காலத்தில் வென்றவர்களுக்குக் கோப்பையோ பதக்கமோ கொடுக்கவில்லை.

அந்த நாட்களில் புட்பால் லீகுக்குள் நுழைய, தன் லீகில் முதலிடம் பிடித்தால் மட்டும் போதாது. உள்ளே இருந்த அணிகள் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. 1972 பிப்ரவரியில், சேறாகிக் கிடந்த தன் மைதானத்தில், சதர்ன் லீக் அணியான ஹியர்ஃபோர்ட், புட்பால் லீகின் முதல் பிரிவில் இருந்த நியூகாசிலை எஃப்.ஏ. கோப்பையில் சந்தித்தது. சில நிமிடங்களே மிச்சம், 0-1 என்று பின்தங்கியிருந்தது. ரானி ராட்ஃபோர்ட் வெகு தொலைவிலிருந்து உதைத்த பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்குள் ஓடினார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் வெற்றி கோலைப் போட்டார். அந்தக் கோடையில் ஓட்டு ஹியர்ஃபோர்டுக்கு விழுந்தது. ஓட்டு இல்லாமல் நேராக மேலேறும் வழி 1987இல்தான் திறந்தது. முதலில் ஏறியது ஸ்கார்பரோ.

1992இல் புட்பால் லீகிலிருந்து பிரீமியர் லீக் பிரிந்து போனது. எழுத்துப்படி பார்த்தால் அதில் ஆடும் மான்செஸ்டர் யுனைடெட்டும் நான்-லீக்தான்! ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மேலிருந்து நான்கு அடுக்குகளுக்குக் கீழே உள்ளவற்றுக்கே இன்று அந்தப் பெயர். ஆக இந்தச் சொல்லில் உள்ளது மறுப்பு இல்லை, இடம். தமிழில் அதற்குக் கைவசம் இருக்கும் முன்னொட்டு ‘புற’. புறநகர் நகரம் அல்லாதது இல்லையே. நகரத்தை ஒட்டி வெளியே இருப்பது, நகரத்துக்குள் போக வழியுள்ளது. அதே போல ‘புறலீக்’. நார்தர்ன், சதர்ன், இஸ்த்மியன் போன்றவற்றைத் தனியே சுட்ட ‘வட்டார லீக்’ பொருந்தும். எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: ‘1972இல் சதர்ன் என்ற வட்டார லீகில் ஆடிய புறலீக் அணி ஹியர்ஃபோர்ட், நியூகாசிலை 2-1 என்று வென்றது.’