முட்டிக்குக் கீழே மூன்று விரல் இடம்

நந்தனம் பக்கம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு கூடைப்பந்து கோர்ட் ஓரமாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்துப் பாருங்கள். பந்து தட்டும் சத்தம், ஷூ சிமெண்டில் தேய்கிற சத்தம், "டேய், இங்க பாஸ் குடுடா" என்ற கத்தல், இதற்கெல்லாம் நடுவில் அப்பப்போ "தொப்" என்று ஒன்று விழும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, எம்பியவன் இறங்குகிற சத்தம் அது. சிலர் இறங்கினால் கோர்ட்டுக்கு வெளியே வரை கேட்கும், சிலர் இறங்கியதே தெரியாது. ஒரு ஆட்டக்காரர் எத்தனை வருடம் ஆடுவார் என்று என்னைக் கேட்டால், எவ்வளவு உயரம் எம்புகிறார் என்று பார்க்க மாட்டேன், இந்தச் சத்தத்தைத்தான் கேட்பேன்.

கூடை வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை நோக்கித்தான் மொத்த விளையாட்டும் நடக்கிறது, அதனால் எல்லோரும் மேலே போவதைப் பற்றியே பேசுகிறோம். மேலே போன உடம்பு கீழே வந்தாக வேண்டுமே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

80 கிலோ எடையுள்ள ஒருவர் 60 செ.மீ. எம்புகிறார். திரும்பித் தரையைத் தொடும்போது அவர் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர், நிதானமாக ஓட்டும் சைக்கிள் அளவு. இந்த வேகத்தை உடம்பு பூஜ்யம் ஆக்க வேண்டும். கால் பட்ட பிறகு முட்டியையும் இடுப்பையும் மடக்கி, உடம்பு இன்னும் 30 செ.மீ. தாழ்ந்து நின்றால், அந்த நேரத்தில் கால்கள் தாங்குவது சராசரியாக உடல் எடையைப் போல 3 மடங்கு, அதாவது 240 கிலோ. அதே ஆள் காலை விறைப்பாக வைத்து 10 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் 7 மடங்கு, 560 கிலோ! அதே உயரம், அதே உடம்பு, நிற்க எடுத்துக்கொண்ட தூரம் மட்டும்தான் வேறு. கோயம்பேட்டில் தர்பூசணி லாரி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருப்பவர் பழத்தை வீசுவார், கீழே பிடிப்பவர் கை பழத்தோடு சேர்ந்தே கொஞ்சம் கீழே போகும். கையை விறைப்பாக நீட்டினால் பழமும் உடையும், மணிக்கட்டும் போகும்.

இந்தப் பாரம் எங்கே போய் உட்காருகிறது? நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை முன்னால் நீட்டி, முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே விரலை வையுங்கள். தொடையை இறுக்கினால் ஒரு கயிறு விறைப்பது தெரியும். அதுதான் முட்டியின் தசைநாண், நீளம் மூன்று விரல் அகலம்தான் இருக்கும். தொடையின் முன்பக்கத் தசை முழுவதும் இழுக்கிற இழுப்பு, முட்டிச் சில்லைக் கிணற்று ராட்டினம் மாதிரி வைத்துக்கொண்டு, இந்தக் கயிறு வழியாகத்தான் கீழ்க்கால் எலும்புக்குப் போகிறது. தரையில் விழும் பாரம் இங்கே வரும்போது இன்னும் கூடிவிடும், ஏனென்றால் கயிறு இழுக்கும் இடம் மூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பார்த்தால் புரியும்.

தசைநாண் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளைத் திரித்துத் திரித்துக் கட்டிய வடம். தசை மாதிரி அதற்குள் ரத்தம் தாராளமாக ஓடுவதில்லை. ஜிம்முக்குப் போனால் இரண்டு மாதத்தில் தொடை ஏறிவிடும், எம்பும் உயரமும் கூடிவிடும், ஆனால் நாண் அந்த வேகத்துக்கு வராது, அதற்கு இன்னும் பல மாதம் வேண்டும். இழுக்கிற மாடு பெரிதாகிவிட்டது, கயிறு பழையது. வளர்கிற பிள்ளைகளிடம் இந்த இடைவெளிதான் எனக்குப் பெரிய கவலை. மேல்மட்டத்தில் ஆடும் ஆண் கூடைப்பந்து வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நாணில் வலி இருக்கிறது. 'ஜம்பர்ஸ் நீ' என்று கோச்சுகள் சொல்வது இதைத்தான்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்ததில், காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. வானத்தில் வெடிப்பதைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. செடி அந்தக் காற்றை எடுத்தது, நாம் அந்தச் செடியைச் சாப்பிட்டோம். ஆகவே உடம்பில் ஒரு திசு எந்த வருடம் கட்டப்பட்டதோ அந்த வருடத்துச் சோற்றின் கார்பன் அடையாளம் அதில் நின்றுவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் இதை வைத்துக் குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணின் நடுப்பகுதியைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஆட்களின் தசையில் புதிய கார்பன் இருந்தது, தசை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. நாணின் மையத்திலோ சுமார் 17 வயது வரைக்குமான கார்பன்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மையம் ஏறக்குறைய மாறவே இல்லை!

முதல் தடவை இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 35 வயதில் ஒருவர் எம்பி இறங்குவது, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உடம்பு திரித்து வைத்த கயிற்றின் மேல்! அதற்காக நாண் செத்த பொருள் என்று நினைக்க வேண்டாம், பாரம் கொடுத்தால் இப்போதும் விறைப்பு கூடும், ஒரு சிறு பகுதி புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். கடினமான பயிற்சிக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் கொலாஜன் கட்டுவதைவிட உடைவது அதிகம், அதற்கப்புறம்தான் கட்டும் வேலை முந்துகிறது. தினமும் அதே இடத்தில் இடித்துக்கொண்டிருந்தால் முந்துவதற்கு நேரமே கிடைக்காது.

இதை வைத்துப் பார்த்தால் சில பெரிய ஆட்டக்காரர்களின் வாழ்க்கை வேறு மாதிரி புரிகிறது. 2012 நவம்பரில் சான் ஆண்டோனியோ ஸ்பர்ஸ் அணி, மயாமியில் ஆட்டம் இருக்கும்போதே டிம் டங்கன் உட்பட நான்கு பேரை ஓய்வுக்காக வீட்டுக்கு விமானம் ஏற்றி அனுப்பியது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. டிக்கெட் வாங்கியவர்களின் கோபம் நியாயம்தான், ஆனாலும் ஒரு பருவத்தில் 82 ஆட்டம் ஆடும் உடம்புக்கு அந்த ஓய்வு என்ன செய்யும் என்று அந்தக் கோச்சுக்குத் தெரிந்திருந்தது. 2014இல் அந்த அணி கோப்பை வாங்கியது, டங்கன் 19 பருவம் ஆடி 40 வயதில்தான் நிறுத்தினார். கோபி பிரையண்ட் கதை வேறு. 2013 ஏப்ரலில், 34 வயதில், ஆட்டத்துக்கு ஆட்டம் 40 நிமிடத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய குதிகால் நாண் அறுந்தது. அறுந்த காலோடு நின்று, ஃபவுலுக்காகக் கிடைத்த, யாரும் தடுக்காத இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் வெளியே போனார்.

நம்ம ஊரில் அனிதா பால்துரை இருக்கிறார். சென்னைக்காரர், தெற்கு ரயில்வேக்கு ஆடியவர், 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன், ஆசிய சாம்பியன்ஷிப்பில் மட்டும் 9 முறை ஆடியவர், குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்தப் பெயர் சென்னையில் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அமெரிக்காவில் என்பிஏ ஆட்டங்கள் மரத்தரையில் நடக்கின்றன, பெரும்பாலும் மேப்பிள் மரம், அது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிமெண்ட்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், அப்புறம் ரயில்வேயிலோ ஐசிஎஃப்பிலோ வங்கியிலோ ஒரு வேலை என்று வீட்டில் எல்லோரும் நம்பிக் காத்திருக்க, பதினாலு வயதுப் பையன் காலையில் பள்ளி அணி, சாயங்காலம் கிளப், ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன் என்று ஒரு நாள் விடாமல் குதிக்கிறான். நான் படித்த பள்ளியில் தோற்றால் தண்டனையே நூறு தடவை எம்பிக் குதிப்பதுதான், அதுவும் சிமெண்டில். வலிக்கிறது என்று சொன்னவனுக்குச் சோம்பேறி என்று பெயர். என்னோடு ஆடியவர்களில் மிக உயரம் எம்பியவன் கல்லூரி இரண்டாம் வருடத்துக்குள் நிறுத்திவிட்டான்.

நாண் வலிக்கு மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் மருந்தாகாது, பாரம் இல்லாத நாண் இன்னும் பலவீனமாகிவிடும். நல்ல பிசியோதெரபிஸ்ட் குதிப்பதைக் குறைத்துவிட்டு, கனமான எடையை மெதுவாக, ஒரு தடவை இறங்கி ஏற ஆறு வினாடி ஆகும்படி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யச் சொல்வார். பல வாரம் பிடிக்கும். அப்புறம் இறங்கக் கற்றுக்கொள்வது: முன்பாதம் முதலில், குதிகால் பிறகு, முட்டி உள்பக்கம் சாயாமல் பாத விரல்களின் நேரே, இடுப்பு பின்னால் போக வேண்டும். முட்டி உள்ளே சாய்ந்து இறங்குவதுதான் மூட்டுக்குள் எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் தசைநார் கிழிவதற்குப் பெரிய காரணம். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

போன மாதம் கோர்ட் ஓரம் ஒரு அக்கா, முன்னாள் வீராங்கனை, ஆறாவது ஏழாவது படிக்கும் நாலு பெண்பிள்ளைகளைப் பார்வையாளர் படிக்கட்டின் முதல் படியில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் குதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் படிக்கட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தார். "தொப்" என்று கேட்டால், யார் என்று பார்க்காமலே, "மறுபடி" என்பார். நான் இருந்த கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளை ஒன்பது தடவை ஏறி இறங்கியது. பத்தாவது தடவை சத்தமே இல்லை, அக்கா "யாரும்மா அடுத்து, குதிக்கலையா?" என்று கேட்டபடி திரும்பினார், பிள்ளை கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தது.