லாகர் என்றால் தேறல்

லாகர் என்றால் மஞ்சளாக, லேசாக, ஜில்லென்று இருக்கும் பியர் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லில் நிறமும் கிடையாது, சுவையும் கிடையாது. லாகர் என்றால் கிடங்கு. 'லாகர்ன்' என்றால் இருப்பு வைத்தல். கிடத்தல் என்று பொருள்படும் 'லீகன்' இதற்கு உறவு. தமிழில் கிட, கிடங்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் பிடிபட்டுவிடும்.

எதற்குக் கிடங்கு? கோடையில் காய்ச்சிய பியர் புளித்துக் கெட்டுப்போனது. அதனால் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் 1553-இல் ஓர் ஆணை: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். மார்ச் மாதத்தில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி நிலவறையில் வைத்தார்கள். அந்த வகைக்கு வந்த மேர்ட்சன் என்ற பெயரே 'மார்ச் பியர்'தான். அந்தக் குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் படியும் ஈஸ்ட் நிலைத்துவிட்டது. 1883-இல் கோபன்ஹேகனில் எமில் ஹான்சன் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். இன்று லாகர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது கிடங்கோடு அல்ல, அந்த ஈஸ்ட்டோடு.

எனக்குப் பிடித்த லாகர்கள் இரண்டுமே மஞ்சள் இல்லை. ஒன்று பவேரியாவில் உள்ள பாம்பெர்க் ஊரின் ஷ்லெங்கர்லா மேர்ட்சன். பீச் (beech) மரப் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, காய வைப்பார்கள். கரும்பழுப்பு நிறம். மூக்கருகே கொண்டுபோனால், விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட உப்புக்கண்டத்தின் வாசம். முதல் கிளாஸ் யாருக்கும் பிடிக்காது, மூன்றாவதை விட மனசு வராது. இன்னொன்று ஐயிங்கர் செலிப்ரேட்டர், 'பாக்' குடும்பத்து லாகர், கிட்டத்தட்டக் கறுப்பு. பாட்டில் கழுத்தில் குட்டி வெள்ளை பிளாஸ்டிக் கிடா ஒன்று தொங்கும். வட ஜெர்மனியின் ஐன்பெக் ஊர்ப் பியரின் பெயர்தான் பவேரிய வாயில் 'பாக்' ஆனது. பாக் என்றால் அங்கே கிடா. ஊர்ப்பெயர் ஆடாகிவிட்டது!

பெல்ஜியத்தில் கதை தலைகீழ். துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்மாலே டிரிப்பல் பார்க்கப் பொன்மஞ்சள், ஆனால் லாகர் இல்லை. அதன் ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேலை செய்வது. பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் என்ற பியர் ஓக் பீப்பாயில் மூன்று வருஷம்கூடக் கிடக்கும், அதுவும் லாகர் இல்லை. காற்றில் வரும் காட்டு ஈஸ்ட்டில் நொதிப்பது அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கிடங்குப் பியர்' என்றால் ரேஷன் அரிசி நினைவுதான் வரும். 'முதிர் பியர்' என்றால் லாம்பிக்கும் உள்ளே வந்துவிடும். என் ஓட்டு தேறலுக்கு. தேறுதல் என்றால் தெளிதல். லாகரைப் பல வாரம் உறைநிலைக்குப் பக்கத்தில் வைப்பதும் அதற்குத்தான்: ஈஸ்ட் அடியில் படியும், மேலே தெளியும். பாரியின் நாட்டைப் பாடும்போது கபிலர் 'நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்' என்கிறார். மண்ணுக்குள் புதைத்து முதிரவைத்த கள்ளின் தெளிவு அது. பார்லி இல்லை, பவேரியக் குளிரும் இல்லை. ஆனாலும் புதைத்து வைப்பது, காத்திருப்பது, தெளிய விடுவது எல்லாம் அதில் இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். பாம்பெர்க் இருக்கும் பிராங்கோனியா வட்டாரத்தில் கெல்லர்பியர் என்று ஒரு லாகர் உண்டு. வடிகட்டாமல், கலங்கலாகவே ஊற்றுவார்கள். அதைத் தேறாத தேறல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.